மலைக்கு மேற்கே இருப்பவளுக்கு

அன்புள்ள தங்கைக்கு,

உன் கடிதமும் படங்களும் வந்து சேர்ந்தன. "தீபத்தை எடுத்தாச்சு, பௌர்ணமிக் கூட்டத்தை எடுத்தாச்சு, சாமியார்களை எடுத்தாச்சு. எல்லாமே ஏற்கெனவே யாரோ எடுத்த படம் மாதிரி இருக்கு. எங்க ஊர்ல எனக்கு எடுக்க இன்னும் என்னதான் இருக்கு அக்கா?" என்று கேட்டிருக்கிறாய். முன்பு இருந்த ஆசை இப்போது இல்லை என்றும் கடைசியில் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான் என்று நினைக்கிறேன். கோயில் ஊர்களில் கேமராவும் போனுமாக நிற்கும் பல பிள்ளைகளுக்கு இதே குழப்பம் இருப்பதால், பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் உன் மலையைப் பற்றிப் பேசுவோம். பெரிய கோயில் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. காலண்டரிலும் செய்தித்தாளிலும் வருகிற அண்ணாமலை, கோபுரங்களுக்குப் பின்னால் நிற்கும் அந்தக் கிழக்கு முகம்தான். உன் ஊரான அடி அண்ணாமலை இருப்பது மேற்கே. உங்களுக்குச் சூரியன் மலைக்குப் பின்னாலிருந்து ஏறி வரவேண்டும். டவுனில் வெயில் வந்த பிறகும் உன் தெருவில் நிழல் கிடக்கும். அந்த வெளிச்சத்தில் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழாது, வெள்ளை வேட்டி வெளிறிப் போகாது. வாசல் தெளிப்பதும் தண்ணீர் பிடிப்பதும் பால் ஊற்றப் போவதும் அந்த நேரத்தில்தான். ஸ்டுடியோக்காரர்கள் விளக்குக்கு முன்னால் துணி கட்டி உண்டாக்குகிற மென்மையான வெளிச்சம் உனக்கு வாசலிலேயே கிடைக்கிறது.

சாயங்காலம் எல்லாம் தலைகீழாகும். மேற்கு வெயில் நேராக மலைமேல் அடிக்கும். பாறை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். கிழக்கே நிற்பவர்களுக்கு அந்நேரம் மலை வெறும் கறுத்த உருவம். மார்கழியில் சூரியன் தெற்கே தள்ளி உதிக்கும், ஆனியில் வடக்கே தள்ளி உதிக்கும். அதனால் உன் தெருவில் நிழல் விலகுகிற நேரமும் மாதத்துக்கு மாதம் மாறும். அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டே வா. கிரிவலம் வருகிறவர்கள் பதினான்கு கிலோமீட்டரும் சுற்றி முடிக்கிற அவசரத்தில் உங்கள் ஊர் ஆதி அண்ணாமலையார் கோயிலில் கும்பிட்டுவிட்டு நடையைக் கட்டுகிறார்கள். எவ்வளவு விலையுள்ள லென்ஸ் வைத்திருந்தாலும் இந்த நிழல் கணக்கு அவர்களுக்குக் கிடைக்காது. அங்கேயே குடியிருக்கிற உனக்குத்தான் கிடைக்கும்.

உன் மலையடியில் எடுத்த புகழ்பெற்ற படங்களையும் நினைத்துப் பார். 1946-இல் பெங்களூரைச் சேர்ந்த வெல்லிங் எடுத்த ரமண மகரிஷியின் முகம் உலகமெல்லாம் போயிருக்கிறது. பிரெஞ்சுக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-ப்ரெஸ்ஸோன் 1950 ஏப்ரலில் இங்கே வந்து மகரிஷியைப் படம் எடுத்தார். 14-ஆம் தேதி இரவு மகரிஷி மறைந்தபோதும் அந்தக் கலைஞர் இங்கேதான் இருந்தார். அப்படி ஒரு நாள் ஒரு கலைஞனின் வாழ்க்கையில் எப்போதோ ஒருமுறை வரும். ஆனால் மகரிஷி சாதாரண நாளில் எப்படி நடந்தார், எப்படித் தடியூன்றி நின்றார், ஆசிரமத்துப் பசு லட்சுமியிடம் எப்படிப் பழகினார் என்பதை நமக்குக் காட்டுகிறவை, பல வருடம் வந்து போய்க்கொண்டிருந்த அன்பர்கள் எடுத்த படங்கள். அவர்களில் ஒருவர் சென்னை மருத்துவர் டி.என். கிருஷ்ணசாமி. அவருக்குப் பிழைப்பு வைத்தியம். பிடித்த மனிதரைப் பார்க்க வந்தார். வந்தபோதெல்லாம் ஆசையாகப் படம் எடுத்தார். அந்த ஆசைதான் இன்று ஓர் ஆவணமாக நிற்கிறது.

நம் காலத்திலும் இப்படிப் படம் எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். மதுரை பழனிக்குமாரின் அம்மா மீன் விற்றவர். கடன் வாங்கிக் கேமரா வாங்கிய பழனிக்குமார், தூய்மைப் பணியாளர்களையும் கடலில் பாசி எடுக்கும் பெண்களையும் தன் அம்மாவையும் ஒரே அக்கறையோடு எடுத்தார். கிராமத்து மனிதர்களின் அன்றாடத்தைப் பதிவு செய்யும் பாரி இணையதளம் 2022-இல் புகைப்படக் கலைஞர் தயானிதா சிங் பெயரிலான முதல் விருதை அவருக்குத்தான் கொடுத்தது. வாடிப்பட்டி ஜெய்சிங் நாகேஸ்வரன் 2020 ஊரடங்கில் தன் வீட்டையும் குடும்பத்தையும் எடுக்கத் தொடங்கினார். அந்தப் படங்கள் அவரை உலகத்துக்குக் கொண்டுபோயின. இவர்களுக்கெல்லாம் வெகு முன்பே இப்படி எடுத்த செக் நாட்டின் யோசப் சூதெக், முதல் உலகப் போரில் வலது கையை இழந்தவர். போர்க்காலப் பிராகாவில் தன் ஸ்டுடியோ ஜன்னலையே வருடக்கணக்காக எடுத்தார். கண்ணாடியில் படிந்த பனியும் வெளியே ஒரு மரமும் அவருக்குப் போதுமாக இருந்தன.

இனி உன் படங்களுக்கு வருகிறேன். நீ அனுப்பியதில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது உன் பாட்டி முறத்தை மடியில் வைத்து மல்லாட்டை (வேர்க்கடலை) உரிக்கிற படம். ஃபோகஸ் விரலில் விழாமல் முறத்தின் விளிம்பில் விழுந்திருக்கிறது. ஆனாலும் நீ பாட்டி பக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாய் என்பது தெரிகிறது. நீ அங்கே இருப்பதையே பாட்டி மறந்துவிட்டார். தீபப் படத்தில் நீ எங்கே நின்றாய் என்பதுகூடத் தெரியவில்லை. அந்த மல்லாட்டையை விடாதே. விதைக்குப் பருப்பு உடைப்பது, கொல்லையில் களை வெட்டுவது, செடி பிடுங்குவது, கும்பலாக உட்கார்ந்து காய் ஆய்வது, களத்தில் காயப் போடுவது, செக்கில் எண்ணெய் ஆட்டுவது என்று ஒரு பயிரே உன்னை எத்தனை வீட்டுக்குள் கூட்டிப் போகும் பார்.

கார்த்திகை வந்தால் எல்லாக் கேமராவும் தீபம் ஏற்றும் 2,668 அடி உச்சியைப் பார்க்கும். நீ தெருவைப் பார். தீபத்துக்குச் சில நாள் முன்பே பையன்கள் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி, இடித்து, துணியில் சுருட்டி, பனைமட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி மாவலி செய்வார்களே, அங்கிருந்து தொடங்கு. சுற்றும் நேரத்தில் கேமராவைத் திண்ணையில் அசையாமல் வை. ஷட்டரை ஒரு நொடி, இரண்டு நொடி திறந்து விடு. பொறிகள் தாமே வட்டம் வரையும். சுற்றுகிற பையனின் முகம் கலங்கித்தான் வரும், பரவாயில்லை. அவனுடைய முகத்தை மறுநாள் காலை நிழல் வெளிச்சத்தில், கரி அப்பிய கையோடு எடு.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இரு. கிரிவலப் பாதையோரம் படுத்திருக்கும் முதியவரைக் கேட்காமல் எடுக்காதே. காவி கட்டியிருப்பதால் அவர் எல்லாருக்கும் பொதுவாகிவிடவில்லை. பேர் கேள், ஊர் கேள், சாப்பிட்டீங்களா என்று கேள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வா. எடுத்தால் பிரிண்ட் போட்டுக் கையில் கொடு. பாட்டியின் படத்தையும் அப்படியே கொடு. போனில் ஓடி மறைகிற படத்தை அவர்களால் சுவரில் மாட்ட முடியாது.

ஆசை போய்விட்டது என்றாயே, அதற்குக் காரணம் உன் கடிதத்திலேயே இருக்கிறது. எடுத்த அன்றே போட்டு, எத்தனை லைக் என்று இரவு முழுக்கப் பார்த்திருக்கிறாய். முன்பின் தெரியாதவர்களுக்குப் பிடிக்குமா என்று யோசித்து எடுக்கும்போது, உனக்குப் பிடித்ததைப் பார்க்கக் கண் மறந்துவிடும். கொஞ்ச நாள் எதையும் போடாதே. எடுத்ததை ஒரு வாரம் கழித்துத் திறந்து பார். கல்யாண ஆர்டர் வந்தால் தாராளமாகப் போ. காசும் வேண்டும், வேகமும் கைவரும். ஆனால் வாரத்தில் ஒரு காலைப்பொழுதை யாருக்கும் கணக்குச் சொல்லாமல் உனக்கென்று வைத்துக்கொள். அன்று நன்றாக வந்தாலும் வராவிட்டாலும், பார்த்துக்கொண்டே நடந்த சந்தோஷம் உன்னுடையது. அந்தச் சந்தோஷம் இருக்கிற வரைக்கும் நீ இந்த வேலையை விடமாட்டாய். விடாதவர்களிடம்தான் நல்ல படம் சேரும்.

அடுத்த கடிதத்தில் ஒரே இடத்தில் எடுத்த பத்துப் படம் அனுப்பு. எந்தப் படத்தை எடுக்கும்போது நேரம் போனதே தெரியவில்லை என்று பின்பக்கம் எழுது. ஒரு வருடம் சேர்ந்ததும், ஊர் ஆட்கள் கூடுகிற இடத்தில் கயிறு கட்டித் தொங்கவிடு. முதலில் அவர்கள் பார்க்கட்டும். தன் பாட்டியின் விரலையும் தன் தெருவின் நிழலையும் அடையாளம் கண்டு ஒரு குழந்தை கூப்பிட்டுக் காட்டினால், எந்த விருதும் அதற்கு ஈடில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

அன்புடன்,
அக்கா