ஓலைச் சுருணையும் ஒற்றைக் கோப்பும்

திருவனந்தபுரம் கோட்டைப் பகுதியிலுள்ள மத்திய ஆவணக் காப்பகத்தில் மதிலகம் ஆவணங்கள் பேணப்படுகின்றன. பத்மநாபசுவாமி கோயிலின் வரவு, செலவு, கொடை, சடங்கு முதலியவற்றைத் தமிழிலும் மலையாளத்திலும் பதிந்த பனையோலைகள் அவை. அவற்றின் கட்டுகளைச் சுருணை என்பர். கொல்லம் ஆண்டைக் குறித்து எழுதப்பட்ட அப்பதிவுகளை, எழுதியவர்கள் மறைந்து நூற்றாண்டுகள் கடந்தபின்னும் அறிஞர்கள் படித்துப் பொருள் காண்கின்றனர். நம் வீட்டுக் குறிப்புகளை நம் பிள்ளைகளேனும் படித்தறிய இயலுமா?

பல வீடுகளில் வைப்புத்தொகையின் முதிர்வு நாள் நாட்காட்டியின் ஓரத்திலும், காப்பீட்டு எண் பழைய டைரியிலும், லாக்கர் விவரம் குடும்பத் தலைவரின் நினைவிலும் சிதறிக் கிடக்கின்றன. அவர் திடீரென நோயுற்றால் குடும்பம் திகைத்து நிற்கும். பத்தாண்டுகளுக்கு மேல் இயக்கப்படாத கணக்குகளின் தொகை, ரிசர்வ் வங்கி 2014இல் ஏற்படுத்திய வைப்பாளர் கல்வி மற்றும் விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படுகிறது. அதன்பின்னும் வாரிசுகள் வங்கி வழியே உரிமை கோரலாம். 2023இல் தொடங்கப்பட்ட உத்கம் இணையதளத்தில் தேடவும் செய்யலாம். ஆனால், கணக்கு ஒன்று உண்டு என்பதையே அறியாதவர் எதைத் தேடுவார்?

ஆகவே, குறிப்புகள் அனைத்தும் ஓரிடத்தில் இருத்தல் முதல் விதி. ஒரு நோட்டுப் புத்தகமே போதும். ஒரு செய்திக்கு ஒரு வரி. அதில் நாள், பொருள், தொகை, அடுத்துச் செய்ய வேண்டியது ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். சான்றாக: ‘2025 சூன் 12 – வைப்புத்தொகை – ரூ. 50,000 – 2027 சூன் 12 அன்று முதிர்வு, நாமினி மகள்.’ தவறாக எழுதியதை ஒரு கோடிட்டு அடிக்கலாம். தாளைக் கிழித்தல் கூடாது.

கணினியை விரும்புவோர், எந்தக் கணினியிலும் திறக்கக்கூடிய எளிய உரைக்கோப்பு ஒன்றில் இவ்வாறே எழுதலாம். கேரள அரசுப் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருள் வழியே கணினிப் பாடம் நடைபெறுவதால், இங்குள்ள பல வீடுகளில் பிள்ளைகள் லினக்ஸ் அறிந்திருப்பர். அதன் டெர்மினல் என்னும் கட்டளைத் திரையில், ஈ-சி-எச்-ஓ என்னும் ஆங்கில எழுத்துகளாலான ‘எக்கோ’ கட்டளையை இட்டு, மேற்கோள் குறிகளுக்குள் குறிப்பை எழுதி, >> என்னும் இரட்டைக் குறியும் கோப்பின் பெயரும் சேர்த்தால், அவ்வரி கோப்பின் இறுதியில் சேர்ந்துவிடும். ஒற்றைக் குறி இட்டால் முன்னைய குறிப்புகள் அனைத்தும் அழிந்துவிடும்; இதில் மிகுந்த கவனம் தேவை. ஜி-ஆர்-ஈ-பி என்னும் ‘கிரெப்’ கட்டளையுடன் ‘முதிர்வு’ என்ற சொல்லையும் கோப்பின் பெயரையும் இட்டால், அச்சொல் உள்ள வரிகள் மட்டும் திரையில் தோன்றும்.

எம்முறையைக் கைக்கொண்டாலும் ஏடிஎம் பின் எண், கடவுச்சொல், ஓடிபி ஆகியவற்றை ஒருபோதும் எழுதலாகாது. கோப்பின் படி ஒன்றைப் பென் டிரைவில் வைத்து, ஆண்டுக்கொருமுறை அச்சிட்டுக் கொள்வது நன்று. மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒருமுறை படித்துப் பார்ப்போம். அக்குறிப்பு இருக்கும் இடத்தை நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் இன்றே சொல்லி வைப்போம். உரியவர் கைக்கு எட்டாத குறிப்பு, எழுதப்படாத குறிப்பே ஆகும்.