விளக்கைத் திறக்க முதல்

பிள்ளை,

கடையில் வாங்கிய மேசை விளக்கைக் கழற்றி, கைபேசியில் சொன்னால் எரிகிற விளக்காக மாற்றப்போகிறாயாம். அக்கா சொன்னா. கேட்க மனம் குளிர்ந்தது. 1990இல் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் நின்றபோது ஜாம் போத்தலுக்குள் கொஞ்சப் பஞ்சு, அது நனையுமளவு மண்ணெண்ணெய், கம்பியில் தாங்கிய மெல்லிய திரி, அவ்வளவுதான் எங்கள் விளக்கு. காற்றுக்கு நூராது. அதைச் செய்து பழகிய கையால் எழுதுகிறேன்.

1. முதல் வேலைக்கு யூஎஸ்பி வயரில் எரியும் 5 வோல்ற் விளக்கையே எடு. 230 வோல்ற்றோடு பழகக் காலம் கிடக்கிறது. கூரையில் மாட்டும் எல்இடி பல்ப் ஒன்றை, கழற்றிவிட்டேன்தானே என்று உடனே திறந்தேன். உள்ளேயிருந்த கப்பாசிற்றர் 300 வோல்ற்றுக்கு மேல் பிடித்து வைத்திருந்தது. தோள்வரை உதறியது, அன்றிரவு சோறு பிசைய விரல் மடங்கவில்லை. அவசரம் எனக்குத் தந்த கூலி அது. அப்படியான பல்ப்புகள் பலவற்றில் எல்இடித் தட்டுக்கும் வீட்டுக் கரண்டுக்கும் நடுவே தடுப்பே கிடையாது. வேலை தெரிந்தவர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதே.

2. நினைத்துக் கொடாதே, அளந்து கொடு. விளக்கை வைபையோடு சேர்க்கும் இஎஸ்பி8266 சில்லுக்கு வேண்டியது 3.3 வோல்ற். வெறும் மொடியூலுக்கு 5 வோல்ற்றை நேரே கொடுத்து இரண்டை எரித்தேன். மூன்றாவது வாங்கக் காசில்லாத கிழமையில்தான் மல்ரிமீற்றரைக் கையில் எடுத்தேன்.

3. எல்இடியைச் சில்லின் காலோடு நேரே பூட்டாதே; நடுவில் சுவிச்சாக வேலைசெய்யும் ஒரு மொஸ்ஃபெற் வை. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை அணைத்து ஏற்றித்தான் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அந்தப் பாரத்தை மொஸ்ஃபெற் சுமக்கட்டும்.

4. தெரியாததைத் தெரியாது என்று சொல். அயலவர் ஒருவர் நம்பித் தந்த விளக்கை எரித்துவிட்டு, முன்னமே பழுது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் அதைப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒழுங்கை முடக்கில் அவரைக் காணும் நேரமெல்லாம் என் தலை தானாகக் குனியும். அவர் இப்போது இல்லை. சொல்லவேண்டியதை நான் சொல்லவேயில்லை.

5. விளக்கின் பழைய சுவிச்சை எறிந்துவிடாதே. 2022 மார்ச் கடைசியில், நாளுக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டிய நாட்களில், ஓரிரவு கரண்ட் வந்தும் றூட்டர் எழும்பவில்லை. உன் அம்மம்மா, நான் கைபேசிக்கு மாற்றியிருந்த விளக்கின் அடியில் சுவிச் இருந்த இடத்தை விரலால் தடவிக்கொண்டு நின்றா. அந்த ஓட்டையை நான் டேப் ஒட்டி அடைத்திருந்தேன். அடுத்த நாளே டேப்பை உரித்து, அதே சுவிச்சைச் சில்லின் ஒரு காலோடு சேர்த்தேன். வைபை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவ அமத்தினால் எரியும். சில்லில் ஏற்றும் டாஸ்மோட்டா என்ற மென்பொருளில் அதற்கு வழியுண்டு. கரண்ட் போய் வந்தால் விளக்கு எரியவேண்டுமா, அணைந்தே இருக்கவேண்டுமா என்றும் அதில் எழுதிவைக்கலாம். அதை மட்டும் நீ தீர்மானிக்காதே, அம்மம்மாவிடம் கேள்.