தெருச் சுவர் ஓவியம் நகத்தில்: நம்புவதும் நடப்பதும்

வழியும் பெயின்ட், தெறித்த புள்ளிகள், தடித்த கறுப்புக் கோடு. தெருச் சுவரின் சாயலை நகத்தில் கொண்டுவர இந்த மூன்றும் போதும், வீட்டில் இருக்கும் சாமான்களே பெரும்பாலும் போதும். ஆனால் இதைப் பற்றிய பேச்சைக் கேட்டால், ஆபத்தில்லாததற்குப் பயந்துகொண்டு, பயப்பட வேண்டியதைச் சர்வசாதாரணமாகச் செய்கிறோம்.

“நன்றாக வரையத் தெரிந்தவர்களுக்குத்தான் இது வரும்”

பலரைத் தொடங்கவே விடாமல் செய்வது இந்த நம்பிக்கைதான். 1980களின் தொடக்கத்தில் ஓவியர் கீத் ஹேரிங், நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில் காலியாக இருந்த விளம்பரப் பலகைகளின் கறுப்புக் காகிதத்தில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்துகொண்டிருந்தார். போலீஸ் பிடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். அதனால் அழித்துத் திருத்தாமல் ஒரே இழுப்பில் வந்த கோடுகள் அவை. தவழும் குழந்தையும் குரைக்கும் நாயும் வெறும் வெளிக்கோட்டிலேயே உயிர் பெற்றன. இந்தப் பாணிக்குத் துணிச்சலான கோடுதான் முக்கியம், நேர்த்தி அப்புறம்தான். பத்து விரலும் ஒரே மாதிரி இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. நான்கு விரல்களைச் சேர்த்து வைத்து, அவற்றை ஒரே சுவராக நினைத்துக் குறுக்கே ஒரு கோடு இழுத்துப் பாருங்கள்.

கோடு பிசகுமே என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. முதலில் பூசிய பாலிஷ் முழுக்கக் காய்ந்த பிறகு, ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பெயின்ட்டால் வரையுங்கள். பெயின்ட் ஈரமாக இருக்கும்வரை, தண்ணீரில் நனைத்த பட்ஸால் துடைத்தால் பிசகிய கோடு மட்டும் போய்விடும், அடியிலுள்ள பாலிஷ் அசையாது. பாலிஷாலேயே வரைந்து ரிமூவரால் திருத்தப் போனால் அடிப்பூச்சும் சேர்ந்து கரைந்துவிடும். கடைசியில் டாப் கோட் அவசியம். அது இல்லாவிட்டால் பாத்திரம் தேய்க்கும்போதே வரைந்தது உரிந்துவிடும்.

“நியான் நிறம் எடுப்பாகத் தெரிய நாலைந்து கோட் போட வேண்டும்”

நியான் பாலிஷ் பெரும்பாலும் ஒளி ஊடுருவுவது, அதனால் அடியில் இருக்கும் நிறம்தான் அதைத் தூக்கிக் காட்டும். வெள்ளை ஒரு கோட், அதன்மேல் நியான் மெல்லிசாக ஒன்றிரண்டு கோட் போதும். கனமாகப் பூசினால் மேலே காய்ந்து உள்ளே பிசுபிசுத்துக் கிடக்கும். சீக்கிரம் காயட்டும் என்று ஐஸ் தண்ணீரில் விரலை முக்குவதும் உதவாது. பாலிஷிலுள்ள கரைப்பான் ஆவியானால்தான் அது காயும், குளிரில் ஆவியாவது மெதுவாகத்தான் நடக்கும்.

ஸ்ப்ரே அடித்த மாதிரி நிறம் மங்கி மங்கிப் போக வேண்டுமா? புது ஸ்பாஞ்சுத் துண்டில் இரண்டு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் தடவி, நகத்தில் மெல்ல ஒற்றி எடுங்கள். தெறித்த புள்ளிகளுக்கு, பழைய டூத் பிரஷ்ஷை நீர்த்த அக்ரிலிக் பெயின்ட்டில் தொட்டு, விரலால் அதன் மயிரைச் சுண்டினால் போதும். பெயின்ட் வழிவதைத்தான் பலரும் தப்பாக வரைகிறார்கள். வெறும் கோடுகளை இறக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் சுவரில் வழிந்த பெயின்ட் நின்ற இடத்தில் கனமாகத் திரண்டிருக்கும். பல்குச்சியால் கோட்டை இறக்கி, நுனியில் ஒரு சின்னச் சொட்டு வையுங்கள். அப்போதுதான் அது வழிந்த மாதிரி தெரியும்.

“நிஜ ஸ்ப்ரே பெயின்ட்டையே அடித்துவிட்டால் என்ன?”

கூடவே கூடாது. இரும்புக்கும் சுவருக்கும் என்று தயாரித்தது அது. அதன் கரைப்பான்கள் தோலில் பட்டாலும் கெடுதல், மூச்சில் போனாலும் கெடுதல்.

“பாலிஷ் போட்டால் நகம் மூச்சு விட முடியாது”

நகம் மூச்சு விடுவதே இல்லை. நாம் பூசும் பகுதி கெரட்டின் என்ற உயிரற்ற புரதம். வேருக்கு வேண்டிய ஆக்சிஜன் ரத்தத்திலிருந்து போகிறது. நகத்தைக் கெடுப்பது பாலிஷைச் சுரண்டி எடுக்கும் பழக்கம்தான், கூடவே நகத்தின் மேலடுக்கும் உரிந்து வரும். பஞ்சில் ரிமூவரை நனைத்துச் சில நொடி அழுத்தி வைத்துவிட்டுத் துடையுங்கள். அடுப்புப் பக்கம் மட்டும் வேண்டாம், ரிமூவரும் பாலிஷும் சட்டென்று தீப்பற்றும்.

“பார்லரில் போடும் ஜெல் பாலிஷை வீட்டிலும் போட்டுக்கொள்ளலாம்”

எனக்கு உண்மையிலேயே கவலை தருவது இதுதான். ஜெல் விளக்கொளியில்தான் இறுகும், இறுகாத நிலையில் அதில் மெத்தாக்ரிலேட் ரசாயனங்கள் இருக்கும். வீட்டில் பூசும்போது அது நகக்கண்ணிலும் தோலிலும் வழிவதும், பொருந்தாத விளக்கில் அரைகுறையாக இறுகுவதும் நடக்கும். அது திரும்பத் திரும்பத் தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், வந்தால் பெரும்பாலும் ஆயுசுக்கும் தொடரும். பிரிட்டிஷ் தோல் மருத்துவர்கள் சங்கம் 2018இலேயே வீட்டு ஜெல் கிட்களைப் பற்றி எச்சரித்தது. தெருச் சுவர் ஓவியச் சாயலுக்கு ஜெல் தேவையே இல்லை, சாதாரண பாலிஷே போதும். ஏற்கெனவே ஜெல் போடுகிறவர்களுக்கு விரல் நுனி அரித்தாலோ, நகத்தைச் சுற்றிச் சிவந்து வெடித்தாலோ, உடனே நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒவ்வாமை உறுதியானால் பல் டாக்டரிடமும் சொல்லிவையுங்கள். பல்லை அடைக்கும் பொருள்களிலும் இதே குடும்பத்து ரசாயனங்கள் உண்டு.