பெட்டை நாய்க்குக் கருத்தடை எப்போது?



செஞ்சிக்கு அருகே, குன்றின் பாறையைக் குடைந்து அமைத்த அரங்கநாதர் கோயிலால் பெயர் பெற்ற சிற்றூர் சிங்கவரம். அவ்வூரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு வந்து படிக்கும் மாணவர் ஒருவர், ஒருநாள் வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்தார்.

"சார், எங்க வீட்டு செவலைக்கு அஞ்சு மாசம் ஆகுது. பொட்ட நாய். குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணணும்னு அப்பா சொல்றாரு. பருவத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே பண்ணிடுங்கன்னு ஒருத்தர் சொல்றாரு. ஒரு ஈத்து போட்ட பிறகு பண்ணாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு பாட்டி சொல்றாங்க. எது சார் சரி?"

நான் இயற்பியல் ஆசிரியன். கால்நடை மருத்துவன் அல்லன். எனினும் இக்கேள்வியை எளிதாக ஒதுக்கிவிட முடியவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு; பின்னர் சொல்கிறேன். கால்நடை மருத்துவ நண்பர்களிடம் கேட்டும் நூல்களைப் படித்தும் அறிந்துகொண்டதை இங்கே காண்போம்.

உடலுக்குள் ஓடும் கடிகாரம்

பெட்டை நாய் பெரும்பாலும் 6 முதல் 12 மாதங்களுக்குள் முதன்முறை பருவத்துக்கு வருகிறது. மிகப் பெரிய இனங்களில் இது ஒன்றரை ஆண்டுக்கு மேலும் தள்ளிப் போகலாம். முதல் 9 நாள் அளவில் பிறப்புறுப்பு வீங்கி இரத்தம் கசியும். அடுத்த 9 நாள் அளவில் நாய் கடுவனை ஏற்கும், சினைப்படுவதும் அப்போதுதான். ஆகவே ஏறத்தாழ மூன்று வாரம் காவல் தேவை. சினைப்பட்டால் சுமார் 63 நாட்களில் குட்டிகள் பிறக்கும்.

சினைப்படாவிட்டாலும் உடல் உடனே பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. புரொஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் ஏறக்குறைய இரண்டு மாதம் தொடர்ந்து சுரக்கிறது. கருப்பையின் உட்சுவர் தடித்து, வராத குட்டிகளுக்காகக் காத்திருக்கிறது. பின்னர் சில மாதங்கள் ஓய்வு. அதன்பின் மீண்டும் பருவம். வீட்டு நாய்களில் இச்சுழற்சி ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை நிகழும்.

கருத்தடை அறுவையில் மருத்துவர் சினைப்பைகளை நீக்குகிறார். பெரும்பாலும் கருப்பையையும் சேர்த்தே நீக்குகிறார். கடிகாரம் அத்துடன் நின்றுவிடுகிறது.

சுழற்சியில் ஒளிந்திருக்கும் ஆபத்து

முன்பு எங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்தது. அதற்கு எட்டு வயது. ஒரு கத்திரி வெயில் காலத்தில் அது சட்டி சட்டியாகத் தண்ணீர் குடித்தது, அடிக்கடி சிறுநீர் கழித்தது, சோர்ந்து படுத்தது. வெயிலின் கொடுமை என்றே நினைத்தோம். மருத்துவரிடம் கொண்டு சென்றபோது காலம் கடந்துவிட்டது. கருப்பை முழுவதும் சீழ். இரண்டு மாதம் முன்பு அது பருவத்துக்கு வந்திருந்ததை நாங்கள் எண்ணிப் பார்க்கவே இல்லை.

இந்நோயைக் கருப்பைச் சீழ் நோய் எனலாம். தடித்த உட்சுவரில் கிருமிகள் புகுந்து பெருகுவதால் இது வருகிறது. பருவம் கழிந்த சில வாரங்களில், வயது முதிர்ந்த நாய்களிடமே மிகுதியாகக் காணப்படுகிறது. ஸ்வீடன் நாட்டில் கருத்தடை நெடுங்காலம் வழக்கமாகச் செய்யப்படவில்லை. அங்குள்ள நாய்க் காப்பீட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், பத்து வயதுக்குள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் நான்கில் ஒன்று வரை பெட்டை நாய்களுக்கு இந்நோய் வருவதாகக் கண்டனர். சினைப்பையும் கருப்பையும் நீக்கிய நாய்க்கு இந்தக் கவலை இல்லை.

அப்படியானால் பாட்டி சொன்னது? ஒரு முறை குட்டி போடுவதால் நாயின் உடல்நலம் கூடுகிறது என்பதற்குச் சான்று இல்லை. பேறுகாலத்துக்கும் தனக்கென்று ஆபத்துகள் உண்டு. பிறக்கும் ஐந்தாறு குட்டிகளுக்கு வீடு தேடும் பொறுப்பும் வந்து சேரும்.

ஓர் எண்ணும் அதன் பொருளும்

1969-இல் அமெரிக்காவில் ஷ்னைடர், டோர்ன், டெய்லர் ஆகியோர் பால்சுரப்பிப் புற்றுநோய் பற்றிய ஆய்வு ஒன்றை வெளியிட்டனர். முதல் பருவத்துக்கு முன் கருத்தடை செய்த நாய்களுக்கு 0.5 விழுக்காடு, ஒரு பருவத்துக்குப் பின் 8 விழுக்காடு, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட பருவங்களுக்குப் பின் 26 விழுக்காடு என்பது அவர்கள் கண்ட முடிவு.

இவ்வெண்களைப் பலரும் தவறாகப் படிக்கின்றனர். 'நூறு நாய்களில் 26-க்குப் புற்றுநோய் வரும்' என்பது இதன் பொருள் அன்று. கருத்தடை செய்யாத நாய்க்குள்ள ஆபத்தை 100 என்று வைத்தால், இந்நாய்களுக்கு அது எவ்வளவு என்பதே பொருள்.

கணக்குக்காக, கருத்தடை செய்யாத 100 நாய்களில் 20-க்கு இந்நோய் வருவதாகக் கொள்வோம். 20-இல் 26 விழுக்காடு 5.2, 8 விழுக்காடு 1.6; 0.5 விழுக்காடு 0.1. முதல் பருவத்துக்கு முன் செய்வதே மிகுந்த பயன் தரும். ஆனால் ஓரிரு பருவம் தாண்டிவிட்டாலும் பயன் அடியோடு போய்விடாது.

இன்னொன்றும் கூற வேண்டும். 2012-இல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் இத்தகைய ஆய்வுகள் அனைத்தையும் திரட்டிச் சோதித்து, சான்று நாம் எண்ணியவாறு அவ்வளவு வலுவானதன்று என்றனர். அறிவியலில் பழைய எண்ணையும் மீண்டும் எடைபோட வேண்டும் அன்றோ?

அப்படியானால் மிக இளமையிலேயே செய்துவிடலாமா?

இங்கே நம் இயற்பியல் உதவிக்கு வருகிறது. 10 செ.மீ. பக்கமுள்ள கனசதுரம் ஒன்றைக் குட்டி நாயாகக் கொள்வோம். அதன் எடை (நீரின் அடர்த்தியைக் கொண்டால்) 1 கிலோ. பரப்பு 600 ச.செ.மீ. பக்கத்தை 20 செ.மீ. ஆக்கினால் எடை 8 கிலோ. பரப்பு 2400 ச.செ.மீ. மட்டுமே. அதாவது குட்டிக்குக் கிலோவுக்கு 600 ச.செ.மீ., பெரியதற்குக் கிலோவுக்கு 300 ச.செ.மீ. வெப்பம் பரப்பின் வழியே வெளியேறுகிறது. ஆகவே மயக்கத்தில் கிடக்கும் சிறு குட்டி விரைவில் குளிர்ந்துபோகும். அதைக் கதகதப்பாக வைக்கவும், மருந்தை மிக நுட்பமாக அளந்து கொடுக்கவும் தனிக் கவனம் வேண்டும்.

அடுத்து எலும்பு. வளரும் நாயின் நீண்ட எலும்பு முனைகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. 'இனி வளர்ந்தது போதும்' என்று அவற்றை மூடச் செய்வதில் சினைப்பை ஹார்மோனுக்குப் பங்கு உண்டு. மிக முன்னதாகச் சினைப்பையை நீக்கினால் தட்டுகள் தாமதமாக மூடும். கால் எலும்பு சற்றே நீளும். மூட்டின் கோணம் மாறக்கூடும்.

இது எல்லா நாய்களையும் ஒரே அளவில் பாதிப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றும் இரு மடங்கானால் எடை எட்டு மடங்காகிறது. அதைத் தாங்கும் எலும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். பெரிய நாயின் மூட்டுக்கு இயல்பாகவே சுமை அதிகம். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2020-இல் 35 இனங்களைப் பற்றி வெளியிட்ட முடிவும் இதனுடன் பொருந்துகிறது. ஓராண்டுக்கு முன் கருத்தடை செய்தபோது பல பெரிய இனங்களில் மூட்டு நோய்கள் கூடின. சிறிய இனங்களில் அவ்வாறு கூடவில்லை.

வேறு சில விளைவுகளும் உண்டு. கருத்தடை செய்த நாய்களில் சில, குறிப்பாகப் பெரியவை, பிற்காலத்தில் தம்மை அறியாமல் சிறுநீர் கசியவிடும். இதற்கு மருந்து உண்டு. உணவுத் தேவையும் குறையும். சோற்றைக் குறைக்காவிட்டால் நாய் பருத்துவிடும்.

முடிவுக்கு வருவோம்

ஆதாயத்தையும் ஆபத்தையும் தராசில் வைத்தால் கிடைப்பது இதுதான்:

1. வளர்ந்தபின் 20 கிலோவுக்குள் அடங்கும் நாட்டு நாய், சிறு இன நாய்: முதல் பருவத்துக்கு முன், 5 அல்லது 6 மாதத்தில்.

2. ராஜபாளையம் போன்ற பெரிய நாய்: வளர்ச்சி பெரும்பாலும் முடியும் வரை, ஓராண்டு அளவில், பொறுக்கலாம். ஆனால் பருவ காலத்தில் மூன்று வாரம் அடைத்துக் காக்க முடிந்தால் மட்டுமே.

3. பருவத்தில் இருக்கும்போது இயன்றவரை தவிர்க்க வேண்டும். அப்போது இரத்தக் குழாய்கள் புடைத்திருப்பதால் இரத்தப்போக்கு கூடும். இரண்டு, மூன்று மாதம் கழித்துச் செய்வது நல்லது.

4. வயதான நாயானாலும் காலம் கடந்துவிடவில்லை. மருத்துவர் சோதித்துவிட்டுச் செய்வார்.

நாயை நேரில் பார்க்கும் கால்நடை மருத்துவரின் சொல்லே இறுதியானது என்பதை மறக்க வேண்டாம்.

தெருவையும் நினைப்போம்

வீட்டு நாய் தப்பிப் போட்ட குட்டிகளில் பல தெருவுக்குத்தான் வருகின்றன. நாய்க்கடியால் பரவும் வெறிநோயின் சங்கிலியை அறுக்க, நாய்களில் குறைந்தது 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆண்டுதோறும் தடுப்பூசி போடாத புதுக் குட்டிகள் வந்து சேர்ந்தால், எட்டிய விழுக்காடு மீண்டும் சரிந்துவிடும். கருத்தடையும் தடுப்பூசியும் இணைந்து நடக்க வேண்டியது இதனால்தான். சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு இப்பணியில் முன்னோடி. மாநகராட்சியும் 1990-களில் இதை மேற்கொண்டது. நாடு முழுவதற்குமான விதிகள் 2001-இல் வந்தன. அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் 2023-இல் வந்தன. காது நுனி வெட்டப்பட்ட தெரு நாயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கருத்தடை முடிந்தது என்பதற்கு அதுவே அடையாளம்.

செவலை என்ன ஆயிற்று? அது நாட்டு நாய். சிங்கவரத்தில் கட்டிப்போடும் வழக்கமும் இல்லை. ஆகவே மாணவரின் தந்தை காத்திருக்கவில்லை. ஆறாம் மாதத்தில் கால்நடை மருத்துவமனையில் அறுவை முடிந்தது. "பத்து நாள் தையலை நக்காம பாத்துக்கிட்டதுதான் சார் பெரிய வேலை. பாட்டிதான் பக்கத்துலயே உக்காந்து பாத்துக்கிட்டாங்க" என்றார் மாணவர்.

செய்து பாருங்கள்

1. 30 செ.மீ. பக்கமுள்ள கனசதுர 'நாய்'க்குக் கிலோவுக்கு எத்தனை ச.செ.மீ. பரப்பு?

2. உங்கள் தெருவில் 40 நாய்கள். 28-க்குத் தடுப்பூசி போட்டாயிற்று. தடுப்பூசி போடாத 16 குட்டிகள் புதிதாகச் சேர்ந்தால் விழுக்காடு என்ன ஆகும்?