ரத்தத்துக்கும் ஒரு வடிகட்டி!



ரத்தத்தை வடிகட்டுவது என்றால் நமக்கு டயாலிசிஸ்தான் ஞாபகம் வரும். அது கழிவை நீக்குவது. ஆனால் வெள்ளை அணுக்களையே பிடித்து எடுக்கிற ஒரு வடிகட்டியும் உண்டு. அவை நம்மைக் காக்கும் போர்வீரர்கள் என்றுதானே படித்தோம், அதை ஏன் எடுக்கணும்?

பெருங்குடல் புண் அழற்சி என்று ஒரு நோய். நியூட்ரோஃபில், மோனோசைட் என்ற வெள்ளை அணுக்கள் குடல் சுவருக்குள் கூட்டமாகப் புகுந்து, சொந்த உடம்பையே புண்ணாக்கும். ரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்து தடவைகூட வெளிக்குப் போகும். பெரும்பாலும் 15 வயதிலிருந்து 30 வயதுக்குள் ஆரம்பிக்கிறது, அதாவது நம்ம அக்கா, அண்ணன் வயசு. வெளியே சொல்லவும் கூச்சம். ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் அடங்கும். ஆனால் ரொம்ப நாள் சாப்பிட்டால் முகம் வீங்கும், எலும்பு பலவீனமாகும், சின்னப் பிள்ளைகளுக்கு வளர்த்தியும் குறையும்.

அதனால்தான் ஜப்பானில் இந்த வடிகட்டியைக் கண்டுபிடித்தார்கள். பெயர் அடாகாலம். அங்கே அனுமதியும் கிடைத்தது. குழாய்க்குள் செல்லுலோஸ் அசிடேட் மணிகள், ஒவ்வொன்றும் 2 மில்லிமீட்டர், மொத்தம் சுமார் 35,000. ஒரு கையிலிருந்து ரத்தம் வந்து, மணிகளுக்கு நடுவே ஓடி, மறு கைக்குத் திரும்பும்.

நம்ம ஊர் சின்னத் தறிப்பேட்டை ஆச்சே, 'துணியில் வடிகட்டுவது போல' என்று எழுத எனக்கு ஆசை. ஆனால் அது தப்பு! மணிகளுக்கு நடுவே எல்லா அணுவும் தாராளமாகப் போகும். மணி மேல் ரத்தத்தில் உள்ள ஆன்டிபாடி போன்ற புரதங்கள் படியும். அதைப் பிடிக்கும் கொக்கி நியூட்ரோஃபிலுக்கும் மோனோசைட்டுக்கும் இருக்கிறது. நாயுருவி விதை பாவாடையில் ஒட்டுமே, அந்த மாதிரி. லிம்ஃபோசைட் பெரும்பாலும் ஒட்டாமல் தப்பிச்சுப் போயிடும்.

இப்போ ஒரு கணக்கு. நிமிடத்துக்கு 30 மில்லி, 60 நிமிடம், ஆக 1,800 மில்லி. உடம்பில் இருப்பதோ சுமார் 5 லிட்டர். பாதிகூட இல்லை! போன அணுக்களுக்குப் பதிலா எலும்பு மஜ்ஜை உடனே புதுசு அனுப்பிடும். அப்புறம் என்ன லாபம்? இங்கேதான் விஷயமே இருக்கு. வருகிற புது நியூட்ரோஃபில்கள் இளசு, அழற்சியைத் தூண்டும் வேகம் அவற்றுக்குக் குறைவு. டி.என்.எஃப். என்ற அழற்சிப் பொருளை நிறையச் சுரக்கும் மோனோசைட் வகையும் குறைகிறது. சண்டையை அடக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் கூடியதாகவும் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதாவது எண்ணிக்கையைவிட ஆளே மாறுகிறது.

ஆனா முழுசா நம்பிடாதீங்க. 168 நோயாளிகளைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு வடிகட்டாத போலி எந்திரத்தை மாட்டிச் சோதித்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. 2008-ல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் பெரிய வித்தியாசம் இல்லை! ஜப்பான் மருத்துவர்கள் விடவில்லை. 2009-ல் கிரோன் நோய்க்கும் அங்கே அனுமதி கிடைத்தது. பக்க விளைவு பெரும்பாலும் தலைவலி, தலைசுற்றல் அளவுதான், முகம் வீங்குவதில்லை.

— 9-ஆம் வகுப்பு மாணவி