இரண்டரை அடிப் பாதை

புகைவண்டிப் பாதை என்றதும் நம் மனக்கண்முன் நிற்பது அகலப் பாதையே. தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர். அதாவது ஐந்தரை அடி. ஆனால் நாம் பயிலும் இந்தப் பெங்களூரு நகரின் வடக்கே, நந்தி மலைப்பக்கமாக, ஒரு காலத்தில் இரண்டரை அடிப் பாதை ஒன்று இருந்தது. அது தனியார் கம்பெனி ஒன்றின் படைப்பு. அச்சிறு பாதை புகட்டும் பாடத்தை இங்கே காண்போம்.

பாதை பிறந்த கதை

1913-இல் பௌரிங்பேட்டைக்கும் கோலாருக்கும் இடையே குறுகிய பாதை திறக்கப்பட்டது. பௌரிங்பேட்டைதான் இன்றைய பங்காருப்பேட்டை. நம் தமிழர் தலைமுறை தலைமுறையாக உழைத்த தங்கவயலுக்குக் கிளை பிரியும் இடம் அது. ஊருக்குப் போகும்போது நம்மில் பலர் அதனைத் தூக்கத்திலேயே கடந்துவிடுகிறோம்! 1915-இல், பெங்களூர் - சிக்பல்லாப்பூர் லைட் ரயில்வே என்னும் கம்பெனி எலகங்காவிலிருந்து தேவனஹள்ளி வழியாகச் சிக்பல்லாப்பூருக்கு அதே அளவில் பாதை அமைத்தது. 1918-இல் அது பெங்களூர் நகரத்தை எட்டியது. பின்னர் எலகங்கா முதல் பங்காருப்பேட்டை வரை ஒரே குறுகிய பாதையாயிற்று.

ஏன் இத்தனைக் குறுகல்?

பணம் குறைவு என்பது பாதி விடை. குறுகிய பாதைக்கு மெல்லிய தண்டவாளம் போதும். குட்டையான கட்டை போதும். மண்மேடும் பாலமும் சிறியனவாக இருந்தால் போதும். மீதி விடை இயற்பியலில் இருக்கிறது.

புகைவண்டியின் இரு சக்கரங்களும் ஒரே அச்சில் இறுகப் பொருத்தப்பட்டவை. ஒன்று சுழலும் அளவே மற்றதும் சுழலும். வளைவிலோ வெளித் தண்டவாளம் உள் தண்டவாளத்தைவிட நீளமானது. கால் வட்டம் திரும்புவதாகக் கொள்வோம். அகலப் பாதையில் இந்த வேறுபாடு 2.63 மீட்டர், இரண்டரை அடிப் பாதையில் 1.20 மீட்டர்தான். வளைவு பெரிதாயினும் சிறிதாயினும் இக்கணக்கு மாறாது. வளைவு சிறிதாகச் சிறிதாக, இவ்வேறுபாட்டைக் குறைந்த தொலைவுக்குள் சரிக்கட்ட வேண்டும் என்பதே சங்கடம்.

சரிக்கட்டுவது எப்படி? சக்கரத்தின் உருளும் பரப்பு உட்பக்கம் பருத்தும் வெளிப்பக்கம் சிறுத்தும் சாய்வாகக் கடையப்பட்டிருக்கிறது. வளைவில் அச்சு சற்றே வெளிப்புறம் நகர, வெளிச் சக்கரம் தன் பருத்த பகுதியிலும் உட்சக்கரம் சிறுத்த பகுதியிலும் உருள்கிறது. ஐயமுள்ளோர் விடுதியறையிலேயே சோதிக்கலாம். இரண்டு காகிதத் தேநீர்க் குவளைகளை வாயோடு வாய் ஒட்டி, இணையாகச் சாய்த்து வைத்த இரு குச்சிகளின்மேல் உருட்டுங்கள். விலகினாலும் நடுவுக்குத் தானே திரும்பும். ஆனால் அச்சு நகர இடம் சிறிதே உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் சக்கரம் வழுக்கும், கிறீச்சிடும், தேயும். சக்கரமும் சாய்வும் ஒன்றாக இருப்பின், வழுக்காமல் திரும்பக்கூடிய ஆரம் பாதையகலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். ஆகவே பாறை எதிர்ப்பட்டால் குறுகிய பாதை அதனை உடைக்க வேண்டியதில்லை, சுற்றிக்கொண்டு போகலாம்.

சந்திப்பில் வந்த சிக்கல்

இத்தனை நலம் இருந்தும் பாதை ஏன் நிலைக்கவில்லை? குறை வண்டியில் இல்லை, சந்திப்பில் இருந்தது. கோலார்ப் பக்கத்து மூட்டை பங்காருப்பேட்டையில் சிறு வண்டியிலிருந்து இறங்கி, பெரிய வண்டியில் மறுபடி ஏற வேண்டும். அதற்குக் கூலி, காலம், சிதைவு. வீட்டு வாசலிலேயே சரக்கை ஏற்றும் லாரி வந்தபின் இச்சுமையைத் தாங்குவார் யார்? பாதை பகுதி பகுதியாக அகலமாக்கப்பட்டது. கோலார் - சிக்பல்லாப்பூர் பகுதியில் அகலப் பாதை 2013-இல் திறக்கப்பட்டது.

இதற்கு மாறான ஒன்றையும் பார்ப்போம். மகாராட்டிரத்தில் ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் சொந்தப் பணத்தில் அமைத்த நேரல் - மாத்தேரான் இரண்டடிப் பாதை 1907-இல் திறக்கப்பட்டது. இருபது அடிக்கு ஓரடி ஏறும் அந்த மலைப்பாதையில் இன்றும் வண்டி ஓடுகிறது. மாத்தேரானுக்குள் மோட்டார் வண்டிகளுக்கு இடமில்லை. தவிர, அங்கே போவோர் பயணிகள். மூட்டையை ஒருவர் தூக்கி மாற்ற வேண்டும். மனிதன் தானே நடந்து வண்டி மாறிக்கொள்வான்!

எஞ்சி நிற்பது

நந்தி ஹால்ட்டில் இறங்கிப் பார்த்தேன். அகலப் பாதையின் அருகே பழைய நிலையக் கட்டடம் சிறியதாக நிற்கிறது. இத்தகைய கட்டடங்களைக் காக்கும் பணியை இன்டாக் அமைப்பு தென்மேற்கு ரயில்வேயுடன் சேர்ந்து மேற்கொண்டது. நல்ல பணி. ஆனால் ஓட்டையும் சுவரையும் மட்டும் காத்தால் போதுமா? தேவைக்கேற்ற அளவைத் தேர்ந்த அறிவையும், இணைப்பை எண்ணாததால் வந்த இழப்பையும் சேர்த்தே நாம் காக்க வேண்டும். நாளை நம்மில் சிலர் கருவிகள் சமைப்போம், திட்டங்கள் தீட்டுவோம். அப்போது இரண்டு வினாக்களைக் கேட்போம்: இவ்வூருக்கு எந்த அளவு பொருந்தும்? அது மற்றதோடு எங்கே, எப்படி இணையும்? முதல் வினாவுக்கு அந்த இரண்டரை அடிப் பாதை சரியாக விடை சொன்னது, இரண்டாவதில் தோற்றது.