நேர்முகத்துக்கு முன் நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியவை

சென்ற வருடம் எங்கள் புடைவைக் கடைக்குக் கணக்கு வேலை பார்க்க ஒருவர் தேவைப்பட்டார். பழைய நண்பர் ஒருவரின் மகன் வந்தார். கெம்பஸில் வர்த்தகம் இறுதி வருடம். பத்து மணிக்கு வரச் சொன்னேன். பத்தரை கடந்துதான் வந்தார். பேச்சின் நடுவே கையடக்கத் தொலைபேசி ஒலித்தது, எடுத்துப் பேசினார். நாங்கள் சில்லறை வியாபாரமா, மொத்த வியாபாரமா என்று கேட்டேன். தெரியவில்லை. "பிறகு சொல்லி அனுப்புகிறேன்" என்று அனுப்பிவிட்டேன். சொல்லி அனுப்பவில்லை.

அடுத்த மாதம் என் மகன் ஒரு கம்பனிக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போய் முகம் வாடித் திரும்பினான். சான்றிதழ்களின் மூலப் பிரதிகளை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் கம்பனியைப் பற்றிக் கேட்டதற்கும் பதில் இல்லை. "இதெல்லாம் எனக்கு யார் வாப்பா சொல்லித் தந்தது?" என்றான். எனக்கு வாயடைத்துப் போனது. முப்பது வருடமாக ஆட்களை வேலைக்கு எடுப்பவன் என் பிள்ளைக்கே அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வீட்டில் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் இவற்றை இன்றே சொல்லுங்கள்:

1. போகும் இடத்தில் என்ன தொழில் நடக்கிறது என்று முதல் நாளே விசாரித்து வைக்க வேண்டும்.

2. சுயவிபரக் கோவை இரண்டு பக்கம் போதும். செய்யாததைச் செய்ததாக எழுதக் கூடாது. மூலப் பிரதிகளையும் நிழற் பிரதிகளையும் ஒழுங்காக அடுக்கி எடுத்துச் செல்ல வேண்டும்.

3. பத்து நிமிடம் முந்திப் போக வேண்டும். பிந்துமென்றால் அழைத்துச் சொல்ல வேண்டும். தொலைபேசியை உள்ளே போகுமுன் நிறுத்திவிட வேண்டும்.

4. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். "பழகிக்கொள்வேன்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

5. வேறிடத்தில் வேலை கிடைத்தால் முதலில் வாக்குக் கொடுத்த இடத்துக்கு அறிவிக்க வேண்டும்.

வியாபாரிகளான நமக்கும் கடமை உண்டு. உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரை பிள்ளைகள் மாதக்கணக்கில் சும்மா இருக்கிறார்கள். ஒரு பிள்ளையைக் கடைக்கு எடுங்கள். தேநீர் வாங்க மட்டும் அனுப்பாதீர்கள். பற்றுச்சீட்டு எழுதுவது, இருப்பு எண்ணுவது, காசோலையின் திகதி பார்ப்பது, கடன் கேட்டு வரும் வாடிக்கையாளரிடம் பேசுவது எல்லாம் பழக்குங்கள். போகும்போது சேவைச் சான்றிதழ் ஒன்றும் கொடுங்கள். வேலைக்கே எடுத்தால் நியமனக் கடிதம் கொடுத்து, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கான நூற்றுக்கு 12ஐயும் ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நூற்றுக்கு 3ஐயும் முறையாகக் கட்டுங்கள். ஒழுங்கை நாம் காட்டினால்தான் பிள்ளைகளிடமும் அதை எதிர்பார்க்கலாம்.

கடைசியாக, நண்பரின் மகனை அழைத்து, அன்று ஏன் எடுக்கவில்லை என்பதைச் சொன்னேன். இடம் நிரம்பிவிட்டது; ஆனாலும் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஐந்து இடத்துக்குப் போனேன் அங்கிள், ஒருவரும் காரணம் சொல்லவில்லை" என்றார்.

அந்த ஐந்தில் ஒன்று என் கடை. இனி யாரைத் திருப்பி அனுப்பினாலும் காரணத்தைச் சொல்லித்தான் அனுப்புவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.